சஹனில் ஆறாவது இடம்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். வீட்டுக்குப் புதிதாக வருபவரை முதலிற் குறித்த அச்சொல், பின்னர் அவருக்கு இடப்படும் உணவையும் குறிக்கலாயிற்று. பொருள் ஆளிலிருந்து சோற்றுக்குப் பெயர்ந்த அவ்வேளையிலேதான் வீட்டுப் பெண்களின் அலைச்சலும் தொடங்கியிருக்க வேண்டுமென எனக்கு ஓர் ஐயம். மொழியியல் கற்பிக்கும் விரிவுரையாளர்கள் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆயினும், விருந்தினர் வரப்போகின்றார் என்ற செய்தி எட்டியதும் நம் வீடுகளில் முதலில் எழுங் கேள்வி, வருபவர் யார் என்பதாக இருப்பதில்லை. என்ன ஆக்குவது என்பதாகவே இருக்கின்றது.

நம் இலக்கியங்கள் விருந்தைப் போற்றியதற்குக் குறைவில்லை. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் விருந்தோம்பலுக்கே உரியது. முகர்ந்த மாத்திரத்தில் வாடும் அனிச்சப்பூவிலும் மெல்லியது விருந்தினர் மனம் என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், மாதரி தந்த மனையிலே தன் கையாற் சமைத்துக் கோவலனுக்கு உணவிட்ட பின் கண்ணகி சொல்லும் குறைகளுள் ஒன்று, அவனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமற் போயிற்று என்பதாகும். வைகாசியிலே காரைதீவில் குளிர்த்தி பாடி வழிபடப்பெறும் அதே கண்ணகிதான். விருந்தினர் மனம் வாடாமற் காப்பது பற்றி இத்தனை நுட்பமாகச் சிந்தித்த மரபு, அடுப்படியில் நிற்பவளின் முகவாட்டத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை.

கல்முனையை நடுவாக வைத்து, வடக்கே மருதமுனையும் தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனவும் தொடரும் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையையும் இவ்வீட்டு வழக்கத்தையும் பொதுவாகக் கொண்டிருத்தலை விரிவாக எழுதியிருக்கின்றார். வீடு பெண்ணுக்கு என்றால் குசினியும் அவளுக்கே. வருகின்ற விருந்தும் அவள் கணக்கிலேயே ஏறும். ஆனால் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ உம்மாவும் ராத்தாமாரும் சாச்சிமாரும் அருகருகே வாழ்ந்தமையால், அக்கணக்கை அவள் தனியே தீர்க்க வேண்டியிருக்கவில்லை. சீதன வீட்டு முறையின் குறைகளைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசப்பட்டுள்ளது. இந்த ஒரு நன்மையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

எங்கள் உம்மம்மாவின் வாய்மொழியில் அக்காலத்து விருந்து ஒரு கூட்டுத்தொழில். அஸருக்குப் பின் வேலிக் கடவையால் ஒவ்வொருவராக வந்து சேர்வார்களாம். ஒருத்தி வெங்காயம் உரிக்க, ஒருத்தி திருவலையில் அமர, ஒருத்தி அம்மியைக் கழுவி எடுத்துக்கொள்வாள். அழைப்பு எதுவுந் தேவையில்லை; இறைச்சி வெட்டும் ஓசையே அழைப்பு. எங்கள் வீட்டிலே இருந்த சஹன்கள் இரண்டுதான். பத்து வேண்டுமென்றால், விளிம்பிலே ஆணியாற் கீறிய பெயரெழுத்துகளுடன் அயல் வீடுகளிலிருந்து எட்டு வந்து சேரும். மறுநாட் காலையில் எந்தச் சஹன் எந்த வீட்டுக்கு உரியது என்று எழுத்துக் கூட்டி வாசித்தே தான் எழுத்துப் படித்ததாக என் சாச்சி ஒருவர் சொல்வதுண்டு. ஆண்கள் உண்டு எழுந்த பின்னர், ஆக்கியவர்கள் எல்லோரும் குசினியிற் பாய் விரித்து, அடிப்பானைச் சோற்றைச் சுற்றி உட்காருவார்கள். விருந்தின் சிரிப்பெல்லாம் அங்கேதான் இருந்தது என்கிறார் உம்மம்மா.

அதனைக் கேட்டு அக்காலத்தை ஒரேயடியாகப் புகழ நான் ஆயத்தமாக இல்லை. கடைசியாக உண்டவர்கள் அவர்களே. நல்ல துண்டுகள் முன்னரே போய்விட்டிருக்கும். இன்னொரு வேறுபாட்டையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் கிடாரத்திலே சோறாக்குபவர்கள் ஆண்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேறும் நாட்களில் அடுப்பை ஆள்பவர்களும் அவர்களே. நூறு பேருக்கு என்றால் ஆண் சமைப்பான். அவன் கைப்பக்குவம் ஊரிலே பேசப்படும். பத்துப் பேருக்கு என்றால் பெண் சமைப்பாள். அதற்கு வேலை என்ற பெயர்கூட இல்லை.

அந்தக் கூட்டுத்தொழில் கலைந்தது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றவர்களின் வீடுகளில் மதில் எழுந்தது. வேலியோடு கடவையும் போயிற்று. 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல், அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. எஞ்சியோரிற் பலர் கரையை விட்டு உள்ளே அமைந்த வீட்டுத்திட்டங்களில் குடியேறினர். அங்கே வீடு கிடைத்தது. அடுத்த வீட்டிலே ராத்தா கிடைக்கவில்லை. ஒரு வளவில் வாழ்ந்த மூன்று சகோதரிகள் மூன்று திட்டங்களுக்குப் பிரிந்த குடும்பங்களை நான் அறிவேன். 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், மறந்துபோன விறகடுப்புகள் மீண்டும் எரிந்தன. அடுப்பைச் சுற்றி இருந்த ஆட்கள் மீளவில்லை.

கைகள் குறைந்த அதே காலத்தில் கறிகள் கூடின என்பதுதான் விந்தை. முன்னர் நெய்ச்சோறும் இறைச்சியும் பருப்பும் அச்சாறும் இருந்தால் அது விருந்து. இப்போது கோழி ஒருபுறம், மாடு ஒருபுறம், இறால் ஒருபுறம், அதற்கு மேல் சலாது, பாலுடா, இரண்டு வகை இனிப்பு. சில வீடுகளில் உண்பதற்கு முன்பே கைத்தொலைபேசியிற் படம் எடுக்கப்படுகின்றது. ஒருத்தி ஏழு வகை வைத்தால் அடுத்த மாதம் அவள் மச்சி எட்டு வகை வைக்க வேண்டியவளாகின்றாள். இயலாதவர்கள் கடையிலே சொல்லி எடுக்கின்றார்கள். அதனை நான் குறைசொல்ல மாட்டேன், குசினியிலே நிற்பவர் யாரென்று அறிந்தவள் என்பதால்.

கடந்த ஐப்பசி விடுமுறையிலே என்னுடன் படிக்கும் தோழியர் நால்வரை வீட்டுக்கு இராச் சாப்பாட்டுக்கு அழைக்க விரும்பினேன். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி ஹற்றன், ஒருத்தி மூதூர், மற்றவள் காரைதீவு. நம் இடங்களில் இது சிறிய செயலாகத் தோன்றினும் அவ்வளவு சிறியதன்று. 1985 இலும் 1990 இலும் இக்கரையின் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே மூண்ட வன்முறையின் பின், ஒருவர் வீட்டு முற்றத்தை மற்றவர் மிதியாத ஆண்டுகள் இருந்தன. 2019 ஏப்ரற் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகும், நண்பர்களை வீட்டுக்கு அழைக்கும் முன் இரண்டு பக்கத்திலும் ஒருமுறை யோசிக்க நேர்ந்தது. ஆகவே அவர்கள் வருவது எனக்குப் பெரிது. ஆனால் உம்மாவின் முகத்திலே நான் கண்டது வேறு. மகிழ்ச்சி ஒரு கணம். அதன் மேலேயே கணக்கு. தேங்காய் எத்தனை, கோழி எங்கே, சாச்சிக்குக் கால் வலி, யாரைக் கூப்பிடுவது.

அப்பொழுதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினரின் குரல்களை உம்மா அறிவார், பேச்சை அறியார். இத்தனை ஆண்டுகளிலே ஒரு விருந்தினருடனும் அவர் உட்கார்ந்து உண்டதில்லை. இந்த வீடு நாளை எனக்கு வரவிருக்கும் வீடு. குசினிக் கதவுக்குப் பின்னாலுள்ள அந்த இடமும் அதனோடு சேர்ந்தே வரும்.

சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வது எங்கள் வழக்கம். தோழியர் நால்வர், நான் ஐந்து. ஆறாவது இடம் உம்மாவுக்கு என்று முதலிலேயே தீர்மானித்தேன். அத்தீர்மானத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டபோது மற்றவை எல்லாம் தாமாகவே அமைந்தன. எட்டு மணிக்கு உம்மா பாயில் உட்கார வேண்டுமென்றால், எட்டு மணிக்கு அடுப்பிலே ஒன்றும் இருக்கலாகாது. சுடச்சுடப் பொரித்துப் போடவேண்டிய எதுவும் அன்றைய விருந்துக்கு ஆகாது. மீன் பொரியல் போயிற்று, கட்லட் போயிற்று. ஐப்பசியிலே வாடை திரும்பும் காலத்துக் கடலை நம்பி மீனுக்குத் திட்டமிடுவதும் அறிவன்று.

மேலைநாட்டார் இலையுதிர்காலத்து விருந்து என்று ஒன்றைக் கொண்டாடுவர். எங்கள் கரையில் இலை உதிர்வதில்லை, மழைதான் உதிரும். சிறுபோக அறுவடை முடிந்து, பெரும்போகத்துக்கு வயல் உழப்படும் இடைக்காலம் அது. வீட்டிலே நெல் இருக்கும். பகல் வெயிலாகவே இருந்து, பின்னேரம் திடீரென இடி முழங்கும். இடியுடன் மின்சாரம் போவதும் உண்டு. ஆதலால் விறகை இரண்டு நாள் முன்னரே உள்ளே அடுக்கி, விளக்குகளுக்குத் திரி போட்டு, தேங்காய்ப்பாலைப் பகலிலேயே பிழிந்து வைத்தோம். அச்சாறு மூன்று நாள் முன்னரே போத்தலில் ஊறிக்கொண்டிருந்தது. அது நாள் ஆக ஆகச் சுவை ஏறுவது. தம்பி முற்றத்தைக் கூட்டி, பாய்களை வெயிலிற் காயவைத்தான். அவனுக்கு வேலை கொடுத்ததற்காக உம்மம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் காணாதவள்போல இருந்தேன்.

நேரத்தைப் பொறுத்தவரையில் எங்களுக்குப் பெரிய வசதி தொழுகை. ஐப்பசியிலே ஆறு மணிக்குச் சற்று முன் மஃரிப். ஏழை ஒட்டி இஷா. இஷாவுக்குப் பின் சாப்பாடு என்றால் எல்லோருக்கும் விளங்கும். கடிகாரத்தைப் பார்த்துப் பதறவேண்டியதில்லை. மஃரிபுக்கு முன் மஞ்சட்சோற்றை ஏற்றி, நீர் வற்றியதும் வாழையிலையால் மூடி, மூடியின்மேல் தணலைப் பரப்பித் தம்மில் விட்டால், ஒன்றரை மணி நேரத்துக்குச் சூடு ஆறாது. சோறு தானே வேலை செய்துகொண்டிருக்கும். அந்த இடைவெளிதான் சமைத்தவள் முகங்கழுவித் தொழுது, நல்ல உடுப்பு உடுத்துக்கொள்ளும் நேரம். முன்னோர்கள் தம்முக்குக் கண்ட காரணம் சுவையாக இருக்கலாம். எனக்கு அது உம்மாவின் ஒரு மணித்தியாலம்.

காரைதீவுத் தோழி சைவ உணவினள். இதுவே எங்கள் வீட்டின் பெரிய வாதத்துக்கு வித்திட்டது. அவளுக்குத் தனிப் பீங்கானில் வைப்பது எளிது. ஆனால் ஐவர் ஒரு சஹனைச் சுற்றியிருக்க ஒருத்தி மட்டும் தனியே உண்பதைக் காண எனக்கு மனம் இல்லை. சஹனிலே சைவம் மட்டும் இருந்தால் ஒன்றாக உண்ணச் சம்மதமா என்று அவளிடமே கேட்டேன். "அப்படியென்றால் உங்களோடேதான்" என்றாள். எனவே நடுச் சஹனில் மஞ்சட்சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அச்சாறு. கோழிக்கறி வேண்டியவர்களுக்குச் சிறு கோப்பைகளில் அருகே. மாட்டிறைச்சி இல்லை.

"ஊட்டுக்கு வந்த ஆக்களுக்கு இறைச்சி இல்லாம, வட்டிலப்பமும் இல்லாமச் சோறு போடுறதா புள்ள? ஊர் சிரிக்காதா?" என்றார் உம்மம்மா.

வட்டிலப்பத்திலே முட்டை உண்டு. அதனால் அதுவும் நீங்கியிருந்தது. மலாயர் வழியாக நமக்கு வந்ததென்று சொல்லப்படும் அவ்வினிப்பு இல்லாமல் ஒரு முஸ்லிம் வீட்டு விருந்தா என்ற கேள்வி அவருக்கு நியாயமானதே. அதற்குப் பதிலாகச் சட்டியோடு எருமைத் தயிரும் பாணியும் வாங்கினோம். மட்டக்களப்புத் தயிருக்கு முன் எந்த வீட்டு இனிப்பும் நாணவேண்டும் என்பது என் துணிபு. தவிர, அதற்கு அடுப்பு வேண்டியதில்லை.

உம்மா அவ்வாதத்தில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சந்தையிலிருந்து இரண்டு புதுச் சட்டிகளோடு வந்தார். பருப்புக்கும் கத்தரிக்காய்க்கும் பழைய சட்டி ஆகாது, அவற்றில் இத்தனை காலமும் இறைச்சியும் மாசியும் வெந்திருக்கின்றன என்றார். மாசியை நான் நினைத்திருக்கவில்லை. நம் குசினிகளில் பருப்பிலும் சம்பலிலும் கத்தரிக்காயிலும் சொல்லாமற் புகுந்துகொள்வது அது. கரண்டியையும் வேறாக எடுத்துவைத்தார். அதைக் கண்ட உம்மம்மாவின் எதிர்ப்பும் சற்றுத் தணிந்தது. அவருடைய சிறு வயதிலே பாண்டிருப்பிலிருந்து வரும் குடும்ப நண்பர்களுக்கு அரிசியும் காய்கறியும் புதுப்பானையும் கொடுத்து, அவர்களே ஆக்கி உண்ண இடம் ஒதுக்கிக் கொடுத்த கதையை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார்.

அரிசி அளவிலே மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முன் அறையில் உண்ணும் வாப்பா, தம்பி, தோழியை அழைத்துவரும் அவளுடைய அண்ணன் ஆகியோரையும் சேர்த்து மொத்தம் பத்துப் பேர். ஆறு சுண்டு போதும் என்றேன். இரண்டு கொத்து, ஒரு மணியும் குறையலாகாது என்றார் அவர். இருவரின் உணவு மூவருக்கும், மூவரின் உணவு நால்வருக்கும் போதுமாகும் என்ற நபிமொழியை எடுத்துக்காட்டினேன். "அது நமக்கு, வாறவங்களுக்கு இல்ல" என்றார். ஏழு சுண்டிலே உடன்பாடு ஏற்பட்டது.

மார்க்க நூல்களைத் தொட்டமையால் ஒன்று சொல்லலாம். அவை விருந்தினனுக்கும் கடமை விதித்துள்ளன என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகின்றோம். குர்ஆனின் முப்பத்துமூன்றாம் அத்தியாயத்து ஐம்பத்துமூன்றாம் வசனம், உணவு ஆயத்தமாகும் வரை காத்திருக்கும் வண்ணம் முன்கூட்டி வந்து அமரலாகாது, உண்டு முடித்ததும் பேச்சிலே இலயித்துத் தங்கிவிடலாகாது என நபியவர்களின் வீட்டுக்கு வந்தோருக்கு அறிவுறுத்துகின்றது. எழுந்து போங்கள் என்று சொல்ல அவர் கூச்சப்பட்டார் என்பதையும் அதுவே எடுத்துரைக்கின்றது. வீட்டாரின் சிரமத்துக்காக ஒரு வசனம்! இப்ராஹீம் நபியின் கதையில், அறிமுகமற்ற விருந்தினர் வந்ததும் அவர் ஓசையின்றி வீட்டாரிடம் சென்று, கொழுத்த கன்றின் உணவைத் தாமே கொண்டுவந்து அவர்கள் அருகில் வைக்கின்றார். வைத்தவர் வீட்டுத் தலைவர் என்பதை எங்கள் வாப்பாவுக்கு நான் இருமுறை வாசித்துக் காட்டினேன். அன்றிரவு முன் அறைக்குச் சோறு கொண்டுசென்றவர் அவரே.

மழை நான்கு மணிக்கே தொடங்கியது. மின்சாரம் ஆறு மணிக்குப் போயிற்று. விளக்குகள் இருந்தன. எட்டு மணிக்குச் சஹனைத் தூக்கி வந்து பாயில் வைத்துவிட்டு, வழக்கம்போல உம்மா திரும்பப் போனார். குசினியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. கதவடியில் ஒரு கணம் நின்றார். கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போல முக்காட்டைச் சரிசெய்தார். "இஞ்ச வாங்க உம்மா, இடம் இருக்கு" என்று ஹற்றன் தோழி எங்கள் பேச்சையே பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். உம்மா வந்து அமர்ந்தார்.

முதலில் பரிமாறுவதிலேயே அவர் கை போயிற்று. எல்லோர் பக்கமும் சோற்றைத் தள்ளிவிட்டுத் தம் பக்கத்தை வெறுமையாக்கிக்கொண்டார். காரைதீவுத் தோழி அதைக் கண்டு, ஒன்றும் பேசாமல், தன் பக்கத்துக் கத்தரிக்காயைத் திரும்ப உம்மாவின் பக்கம் நகர்த்தினாள். அதன் பின் அவர் உண்டார். ஹற்றன் தோழியின் தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுக்கவேண்டும், மழையில் அட்டை கடித்தால் என்ன பூசுவது, காலைச் சோறு எத்தனை மணிக்கு ஆக்குவார் என்றெல்லாம் உம்மா கேட்டுக்கொண்டேயிருந்தார். இரண்டு ஆண்டுகள் அவளோடு ஒரே விடுதியில் இருந்த நான் கேட்டிராத கேள்விகள் அவை. தயிர்ச்சட்டி வெறுமையான பின்னும் அவர் எழவில்லை.

சஹனைக் கழுவியவர்கள் மூதூர்த் தோழியும் தம்பியும். காரைதீவுக்குப் போகவேண்டியவர்கள் ஒன்பதரைக்கு மழை விட்டதும் புறப்பட்டனர். உம்மம்மா விளக்கோடு குசினிக்குப் போய்ப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். அடியிலே இரண்டு அகப்பைச் சோறு இருந்தது. மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, அடுத்த முறைக்கு ஏழு சுண்டே போடலாம் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.